தலைக்குள் ஒரு கடிகாரம்

1888-இல் ஸ்டேன்ஸ் துரை கோயமுத்தூரில் முதல் நூற்பு ஆலையைத் தொடங்கி, 1932-இல் பைக்காராவின் நீர்மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கிவந்து, பீளமேடும் சிங்காநல்லூரும் ஆலைச் சங்கின் கட்டளைக்கு எழவும் உறங்கவும் பழகிக்கொண்ட பின்னர், இந்தச் சீமையில் இராத்திரியும் ஒரு ஷிப்டாகிவிட்டது. பகல், அரை நைட், முழு நைட் என்று முறை மாறி உழைப்பவனின் வேலை நேரத்தை மேஸ்திரி மாற்றிவிடலாம். அவன் தலைக்குள் ஓடும் கடிகாரம் மேஸ்திரிக்குக் கட்டுப்பட்டதன்று.

கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் ஸ்தானத்துக்கு நேர் மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் இரு சிறு திரள்களாக அமைந்ததே அக்கடிகாரம். பகலும் இரவும் தெரியாவிட்டாலும் அது சுமார் ஒரு நாள் கணக்கில் தானே ஓடும். காலை வெளிச்சம் அதைத் தினந்தோறும் திருத்திவைக்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களைக் கொண்டும், பொழுது தெரியாத அறையில் மனிதர்களையே தங்கவைத்தும் இக்கிரமத்தை ஆராய்ந்தார்.

உடலின் கடிகாரங்களைத் திருப்புவது வெளிச்சம் மட்டுமன்று. கவலையோ அச்சமோ நீடித்தால், சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் ரசத்தைப் பெருக்குகிறது. (இதைத் துஷ்டனென்று எண்ணிவிடலாகாது, விடியலில் உயர்ந்து நள்ளிரவையொட்டித் தாழும் இந்த ரசமே நம்மைப் படுக்கையினின்று எழுப்ப உதவுகிறது.) விந்தை யாதெனில், தலைக்குள் ஓடும் அந்தத் தலைமைக் கடிகாரத்தின் அணுக்களில் இதை ஏற்கும் வாயில்கள் அநேகமாக இல்லை, ஈரலிலும், ஞாபகத்துக்குரிய ஹிப்போகாம்பஸிலும், இன்ன பிற அவயவங்களிலும் உள்ள கிளைக் கடிகாரங்களோ அதை ஏற்றுத் தம் முள்ளைத் திருப்பிக்கொள்கின்றன. ஆகவே ஒரே சரீரத்தில் தலைமை ஒரு மணியும் கிளைகள் வேறு மணியும் காட்டும். ஆயினும் நெடுநாள் துன்புறுத்தப்பட்ட சுண்டெலிகளில் தலைமைக் கடிகாரத்தின் துடிப்பே தளர்ந்ததும் உண்டு.

மனச்சோர்வு நோயின் தீவிர நிலையில், விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு, காலையில் மிகுந்து மாலையில் சற்றே குறையும் பாரம், இரவிலும் தாழாத கார்ட்டிசால் ஆகியவை பலரிடம் காணப்படுகின்றன. இதில் எது காரணம், எது காரியம் என்று பிரிப்பது வீண். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. எங்கள் பக்கத்துத் தொழிலாளி டாக்டரிடம், "மனசு செரியில்லீங்க" என்று சொல்லக் கூசுவான். "தூக்கமே புடிக்கமாட்டேங்குதுங்க" என்பான். அந்த வாக்கியத்தைத் தூக்கமாத்திரையோடு முடித்துவிடாத டாக்டரே விஷயமறிந்தவர்.

சிகிச்சையும் கடிகாரத்தையே நாடுகிறது: நோயாளியைக் காலையில் பிரகாசமான ஒளியில் அமர்த்துகிறார்கள், இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம், கடிகாரத்தின் சுற்றையே சற்று நீட்டுகிறது. முழு நைட் முடித்தவனுக்கோ நிலைமை நேர்மாறு. அவன் வீடு திரும்பும் வழியில் கண்ணில் விழும் வெயில் கடிகாரத்தைப் பகல் பக்கமே இழுப்பதால், கறுப்புக் கண்ணாடியும் இருட்டறையும் அவனுக்கு உபகாரம். அப்படியும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே நகரும் அந்தக் கடிகாரம், இரவுக்கு இசைந்து முடிவதற்குள் வாரம் கழிந்து ஷிப்ட் மாறிவிடும்.