நிறைந்தால் காலியாகும் கடிகாரம்

பள்ளி விடுமுறையில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப் போகிற இடங்கள் உண்டு. பிள்ளைகள் பெற்றோரை இழுத்துப் போகிற இடங்களும் உண்டு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துக் குழந்தைகள் அருங்காட்சியகம் இரண்டாவது வகை. கட்டடத்துச் சுவரைப் பிய்த்துக்கொண்டு டைனோசர்கள் வெளியே வருவதுபோல வாசலிலேயே சிலை நிற்கிறது. உள்ளே, 1917-ஆம் ஆண்டுக் குதிரை ராட்டினம் இன்னமும் சுற்றுகிறது. நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியில் 1899-இல் தொடங்கிய குழந்தைகள் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மேரி ஸ்டூவர்ட் கேரி என்ற அம்மையார், தன் ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1925-இல் ஆரம்பித்தது இது. இன்று உலகத்திலேயே மிகப் பெரிய குழந்தைகள் அருங்காட்சியகம் என்று பெயர்.

டைனோசரை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பகல் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வேறோர் இடத்தில் போய் நின்றுகொள்வது நல்லது. அங்கே இருப்பது 26 அடிக்கும் மேல் உயரமான ஒரு தண்ணீர்க் கடிகாரம்.

முள் கிடையாது, எண்களும் கிடையாது. கண்ணாடிக் கோளங்கள், கண்ணாடித் தட்டுகள், வளைந்து நெளிந்து ஓடும் கண்ணாடிக் குழாய்கள், நடுவே ஆடிக்கொண்டே இருக்கும் ஓர் ஊசல். இதைச் செய்தவர் பிரான்ஸைச் சேர்ந்த பெர்னார் ஜித்தோன். இயற்பியல் படித்தவர், கலைஞரும்கூட. பெர்லின் நகரத்து ஐரோப்பா மையம் என்ற வணிக வளாகத்தில், மூன்று மாடி ஊடே 13 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கடிகாரமும் இவர் 1982-இல் செய்ததுதான்.

மணி பார்ப்பது சுலபம். பெரிய கோளம் ஒன்று நிறைந்தால் ஒரு மணி. சின்னத் தட்டு ஒன்று நிறைந்தால் இரண்டு நிமிடம். மூன்று கோளமும் பதினொரு தட்டும் நிறைந்திருந்தால் 3 மணி 22 நிமிடம். கோளங்கள் 12, தட்டுகள் 30. முப்பதாவது தட்டும் நிறைந்த மறுகணம் முப்பதும் மொத்தமாக வடிந்துவிடும். பக்கத்தில் கோளம் ஒன்று நிறையும். இரண்டாம் வகுப்புக் கூட்டல் கணக்கை நினைத்துக்கொண்டால் போதும்: சுழி போட்டு, கையில் ஒன்று.

யார் இந்தக் கணக்கைப் போடுவது? உள்ளே மின்சுற்றோ, வால்வைத் திறந்து மூடும் மோட்டாரோ இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேலேயிருந்து விழுகிற நீரை மறுபடி மேலே ஏற்ற வேண்டியது தவிர வேறு வேலை இங்கே எந்த மோட்டாருக்கும் இல்லை. கணக்குப் போடுவது ஒரு வளைந்த குழாய். அதன் பெயர் வடிகுழாய். ஆய்வகத்தில் சைஃபன் என்பார்கள்.

பைக்கிலிருந்து பெட்ரோல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சி, ஒரு மிடறு விழுங்கித் துப்பிய அண்ணன் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். அவர் செய்ததும் இதுதான். ஒரு முனை டேங்குக்குள். மறுமுனை அதைவிடத் தாழ்வாகக் கேனில். நடுவே உள்ள மேட்டைத் திரவம் தாண்டும்வரை ஒரு சொட்டும் வராது. தாண்டிவிட்டால் பிறகு உறிஞ்ச வேண்டியதே இல்லை. நீளமான பக்கத்தில் கீழிறங்கும் திரவத்தின் எடை, குட்டையான பக்கத்துத் திரவத்தை மேடேற்றி இழுத்துக்கொண்டே இருக்கும். டேங்கு முனையில் காற்று புகுந்தால்தான் நிற்கும்.

இந்த விளக்கத்தில் ஒரு பழைய வழக்கும் இருக்கிறது. வடிகுழாய் காற்றழுத்தத்தால் வேலை செய்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதி நெடுங்காலம் எழுதி வந்தது. ஆஸ்திரேலிய இயற்பியல் விரிவுரையாளர் ஸ்டீபன் ஹியூஸ் 2010-இல் அது தவறு, வேலை செய்வது புவியீர்ப்பு என்று எழுதிப் போட்டார். அந்த விளக்கம் 1911-இல் அறிவியலாளர் அல்லாதவர்கள் எழுதியது என்று அகராதிக் குழு ஒப்புக்கொண்டது. 99 வருடம் யாரும் கேட்கவில்லை! குழாயின் மேட்டில் நீர் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றழுத்தம் கைகொடுக்கிறது. நீரை ஓட வைப்பது எடைதான்.

கடிகாரக்காரருக்கு இந்தக் குழாயில் பிடித்துப்போனது வேறு குணம். அதற்கு நடுநிலை கிடையாது. பாத்திரம் முக்கால் நிறைந்தாலும் சும்மா இருக்கும், முக்காலே மூன்று வீசம் நிறைந்தாலும் சும்மா இருக்கும். வளைவை எட்டியதோ, அரைகுறையாக நிறுத்தாமல் மொத்தத்தையும் கொட்டிவிடும். எண்ணுவதற்கு வேண்டியது இந்தப் பிடிவாதம்தான். 'நிறையவில்லை', 'நிறைந்தது' என்ற இரண்டே பதில் சொல்லும் ஒன்றை வைத்துக்கொண்டால் கையில் ஒன்று ஏற்றிவிடலாம்.

இதே குணத்தை வைத்துக் கிரேக்கர்கள் ஒரு குறும்புக் கோப்பை செய்தார்கள். பித்தாகரஸ் கோப்பை என்று பெயர் சொல்லிச் சாமோஸ் தீவில் இன்றும் விற்கிறார்கள். அளவாக ஊற்றினால் குடிக்கலாம்; ஆசைப்பட்டு விளிம்புவரை ஊற்றினால் அடியிலுள்ள துளை வழியே மடியில் கொட்டும். தென்னிந்தியாவில் அதே வித்தைக்குப் பக்தி முலாம் பூசியிருக்கிறார்கள். கிண்ணத்தின் நடுவே குழந்தைக் கண்ணனைத் தூக்கிக்கொண்டு வசுதேவர் நிற்பார். தண்ணீர் ஊற்ற ஊற்ற யமுனை ஏறும். கண்ணனின் பாதத்தைத் தொட்டதும் வெள்ளம் வடிந்துவிடும். பொம்மைக்குள் வளைந்த குழாய் ஒளிந்திருக்கிறது. வளைவின் உச்சி சரியாகப் பாதத்தின் மட்டத்தில். கிரேக்கக் கோப்பையைவிட இது அழகான வடிவமைப்பு என்று அடித்துச் சொல்லலாம்.

தண்ணீரால் நேரம் பார்ப்பது தமிழுக்கும் புதிதல்ல. அடியில் ஊசித்துளை போட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டால், அது நிறைந்து மூழ்கும் நேரம் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். அறுபது முறை மூழ்கினால் ஒரு நாள். போர்ப் பாசறையில் நீரைப் பார்த்து வேந்தனுக்குப் பொழுது சொல்கிற நாழிகைக் கணக்கர்களை முல்லைப்பாட்டிலேயே பார்க்கலாம்.

அந்தக் காலத்துக் கடிகாரங்களில் நீரின் ஓட்டமேதான் காலம். அதில் ஒரு தொல்லை: ஒழுகும் பானையில் மட்டம் இறங்க இறங்க ஓட்டமும் தளர்ந்துவிடும். ஜித்தோன் அந்தப் பொறுப்பை நீரிடம் விடவில்லை. நேரத்தைக் காப்பது ஊசல். விழுகிற நீர் ஊசலுக்கு ஒரு தட்டு தட்டி ஆட்டத்தை நிற்காமல் பார்த்துக்கொள்கிறது. ஊசல் ஆடும் கதியே நீரை அளந்து அனுப்புகிறது.

12 மணி 58 நிமிடம். பன்னிரண்டு கோளமும் ததும்பி நிற்கின்றன, தட்டுகள் இருபத்தொன்பது. கடைசித் தட்டில் நீர் ஏறுகிறது. மேலிருந்து சரசரவென்று இறக்கம் தொடங்கி, அரைநாள் உழைத்துச் சேர்த்ததெல்லாம் வழிந்தோடுகிறது. தட்டுகள் வெறும் கண்ணாடி. கோளங்களும் அப்படியே, அடியில் இருக்கும் ஒன்றைத் தவிர. மணி ஒன்று. இதே காட்சி இனி நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத்தான். அப்போது பார்க்க ஆளிருக்காது.

இண்டியானாபொலிஸ் போக முடியாத வீடுகளில் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலும் வளையும் ஸ்ட்ராவும் போதும். பாட்டிலைப் பாதியில் வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, ஸ்ட்ராவின் நீண்ட பக்கத்தை அதன் வழியே வெளியே விட வேண்டும். உள்ளே இருக்கும் குட்டைப் பக்கம் தலைகுப்புற வளைந்து தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். ஓட்டையைச் சுற்றி எம்-சீல். காய்ந்ததும் குழாயடியில் வைத்து மெல்லிய தாரையாகத் திறந்தால் பாட்டில் நிறையும், வடியும், மறுபடி நிறையும். தாரை பெருத்துவிட்டால் வருவதும் போவதும் சரியாகிவிடும். பாட்டில் காலியாகவே ஆகாது. சரியான தாரை அமைந்தபின் ஒரு தடவை நிறைந்து வடிய எத்தனை விநாடி என்று கைபேசியில் குறித்துக்கொண்டால் கடிகாரம் தயார். அம்மா வந்து குழாயை மூடும்வரை ஓடும்.