உலகக் காற்றுக்கு ஓர் அளவுகோல்

காற்றுக்கு நாட்டெல்லை இல்லை. ஒரு நாட்டின் ஆலைகள் வெளிவிடும் கரியமில வாயு ஏறக்குறைய ஓராண்டுக் காலத்தில் உலகெங்கும் பரவிவிடுகிறது. ஆகவே அதனை அளப்பதும் பல நாடுகளின் கூட்டுப் பணியாகவே அமைய வேண்டும். ஆயினும், பலர் அளந்தால் மட்டும் போதாது. அனைவரும் கொள்ளும் அளவுகோல் ஒன்றாக இருத்தல் வேண்டும். இத்துறையில் அவ்வளவுகோலைப் பல்லாண்டுகள் பேணிக் காத்தது, கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையமாகும்.

பழைய குழப்பம்

1950-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை, காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடுவதாகவே கருதப்பட்டது. இவ்வேறுபாடு காற்றில் உள்ளதா, அளக்கும் முறையில் உள்ளதா என்பது தெளிவாகவில்லை. சார்லஸ் டேவிட் கீலிங் என்ற விஞ்ஞானி, காற்று மாதிரியிலுள்ள கரியமில வாயுவை மட்டும் உறையச் செய்து பிரித்து, அதன் அழுத்தத்தைப் பாதரசக் கருவியால் நுட்பமாக அளந்தார். நகரங்களுக்கு அப்பால், நடுப்பகலுக்குப் பின் எடுத்த மாதிரிகள் பெரும்பாலும் ஒரே அளவைக் காட்டின.

1956-ல் அவர் ஸ்கிரிப்ஸ் நிலையத்தில் சேர்ந்தார். 1957-58-ல் நடைபெற்ற சர்வதேச பூபௌதிக ஆண்டு நல்வாய்ப்பாக அமைந்தது. தென் துருவத்திலும், ஹவாய்த் தீவில் ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்திலுள்ள மௌனா லோவா மலையிலும் அளவீடு தொடங்கிற்று. 1958 மார்ச்சில் மௌனா லோவாவில் கிடைத்த முதல் அளவு, பத்து லட்சத்தில் 313 பங்கு.

கண்ட உண்மைகள்

ஆண்டுதோறும் மே மாதத்தில் அளவு உச்சத்தை அடைகிறது. வடகோளத்துத் தாவரங்கள் தழைத்து வாயுவை உட்கொள்வதால் செப்டம்பர், அக்டோபரில் குறைகிறது. இவ்வேற்றத்தாழ்வுக்கு அப்பால், ஒவ்வோர் ஆண்டின் சராசரியும் முந்திய ஆண்டைவிட உயர்ந்து வந்தது. 2024-ஆம் ஆண்டின் சராசரி 424 பங்குக்கும் மேற்பட்டது. நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றை எரிப்பதே இவ்வுயர்வுக்குத் தலையாய காரணம்.

நியமவாயுவின் பயன்

மலைமீதுள்ள கருவி, கரியமில வாயு அகச்சிவப்புக் கதிரை உட்கொள்ளும் தன்மையைக் கொண்டு இயங்குவது. அது தானாக அளவைக் கூறாது. அளவு தெரிந்த வாயு அடைத்த உருளையுடன் காற்றை ஒப்பிட்டே காட்டும். அவ்வுருளைகள் ஸ்கிரிப்ஸ் நிலையத்தின் பாதரசக் கருவியால் சரிபார்க்கப்பட்டன. உலக வானிலை நிறுவனத்தின் மத்திய நியம ஆய்வுக்கூடமாக இந்நிலையம் 1995 வரை பணியாற்றியது. பின்னர் அப்பொறுப்பு அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்திடம் சேர்ந்தது. நம் நாட்டிலும் 1993 முதல் கோவாக் கடற்கரையிலுள்ள கேப் ராமாவில் குடுவைகளில் காற்று சேகரிக்கப்பட்டு, ஆஸ்திரேலிய ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டது. பொது அளவுகோல் இருந்தமையாலேயே அவ்வளவுகளை ஏனைய நாடுகளின் அளவுகளுடன் ஒப்பிட இயன்றது.

இடையறாமையின் அருமை

1964-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பணமுடையால் மௌனா லோவா அளவீடு சில மாதங்கள் நின்றுபோயிற்று. அவ்விடைவெளி இன்றும் வரைபடத்தில் நிரப்ப இயலாததாய் உள்ளது. அன்று வீசிய காற்றை இனி எவரும் அளக்க இயலாதன்றோ? 2022 நவம்பரில் எரிமலைக் குழம்பு பாதையையும் மின்கம்பிகளையும் அழித்தபோது, அருகிலுள்ள மௌனா கேயா மலையில் தற்காலிகமாக அளவீடு நடத்தி, நெடுங்காலம் விட்டுப்போகாமல் காத்தனர்.

களப்பணியாளர் நாள்தோறும் குறிக்கும் மழையளவுக்கும் வெப்பநிலைக்கும் இது பொருந்தும். குறித்த நேரம், சரிபார்த்த கருவி, விடுபடாத பதிவேடு ஆகிய மூன்றும் கூடினால்தான் எண்கள் விஞ்ஞானமாகின்றன. ஆசிரியர்கள் இவ்வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது, வரைபடத்தின் ஏறுகோட்டுடன் அதன் பின்னுள்ள பொறுமையையும் சுட்டிக் காட்டுதல் நலம்.