பாதிக்கப்பட்ட பிள்ளைக்குப் பிரதேச சபையின் பாதீட்டில் என்ன இருக்கிறது?

சிறுவர் துஷ்பிரயோகச் செய்தி ஒன்று வந்தால் நாம் பொலிஸைப் பற்றிப் பேசுகிறோம், நீதிமன்றத்தைப் பற்றிப் பேசுகிறோம், 1929 என்ற அவசர இலக்கத்தைப் பகிர்கிறோம். பிரதேச சபை யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. அது கொங்கிரீட் வீதிக்கும் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் உரியது என்றே பழகிவிட்டோம்.

பொறுப்புகள் பிரிக்கப்பட்டுள்ள விதமும் இதற்கொரு காரணம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை மத்திய அரசின் கீழ் இருக்கிறது. நன்னடத்தை உத்தியோகத்தர்கள் மாகாணத் திணைக்களத்தின் கீழ் வேலை செய்கிறார்கள். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருக்கிறார். மாகாண சபைகளோ 2019க்குப் பின் மக்கள் பிரதிநிதிகள் இன்றி ஆளுநர்களின் கையில் போய்விட்டன. ஆக, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பின் நாம் நேரே போய்க் கேட்கக்கூடிய சபை நமது ஊர்ச் சபைதான்.

அதனிடம் என்ன கேட்பது? முறைப்பாடு செய்த பிறகு ஒரு குடும்பத்துக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிள்ளையைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டு போக வேண்டும். உளவளத் துணைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பாரதூரமான வழக்கென்றால் மேல் நீதிமன்றம் வரை போய், வருடக் கணக்கில் தவணை விழும். ஒவ்வொரு தவணைக்கும் பஸ், ஓட்டோ, சாப்பாடு, அன்றைய நாட்கூலி இழப்பு. வெளிநாட்டில் வேலை செய்யும் தாய் என்றால் பிள்ளையோடு அலைவது உம்மம்மாதான். நாலைந்து தவணை போனதும் "பேசி முடிப்போம்" என்று ஆட்கள் வருவார்கள். மானத்தைக் காப்பது என்று அதற்குப் பெயர். உண்மையில் பல இடங்களில் அந்த வீட்டாரிடம் அடுத்த தவணைக்குப் போகக் காசிருக்காது.

2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தில் உதவிக்கும் நட்டஈட்டுக்கும் வழியுண்டு. அதற்குரிய தேசிய அதிகார சபை இருப்பதோ கொழும்புப் பக்கம். நாளைக்கு வேண்டிய பஸ் காசுக்கு அங்கே விண்ணப்பிக்க முடியுமா?

சபைக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். ஆதன வரி, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், முத்திரைத் தீர்வை ஆகியவற்றோடு நீதிமன்றத் தண்டப் பணமும் அதற்குச் சேர்கிறது. நீதிமன்றம் அறவிடும் பணத்தில் ஒரு பங்கு சபைக்கு வருகிறது, அதே நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போகும் பிள்ளைக்குச் சபையிடமிருந்து எதுவும் போவதில்லை. சட்டத்தில் இடமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் மக்களின் நலனையும் சபையின் பொறுப்பாகத்தான் வைத்திருக்கிறது.

பெரிய தொகை தேவையில்லை. போக்குவரத்துக்கும் அவசரச் செலவுக்கும் தனியாக ஒரு செலவுத் தலைப்பு, அதற்கென ஒதுக்கிய சில இலட்சம் ரூபாய் போதும். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் கோவை இலக்கத்தை மட்டும் எழுதிப் பரிந்துரைக்க, அவர் ஊடாகவே கொடுப்பனவு செய்யலாம். பிள்ளையின் பெயர் சபை அமர்வுக்கு வரவே கூடாது.

"பள்ளிவாசல் இருக்கிறதே, ஸகாத் நிதி இருக்கிறதே" என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் சற்று யோசிக்க வேண்டும். ஸகாத் குழு விண்ணப்பதாரியை விசாரிக்கும், விசாரிக்கவும் வேண்டும். ஆனால் இந்த விடயத்தில் விசாரணை என்பது ஊர் முழுக்கத் தெரிவது. போதாததற்கு, குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர் அதே நிர்வாகத்தில் இருந்தால் அந்தத் தாய் அங்கே எப்படிப் போவார்?

செலவே இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. சாப்பாட்டுக் கடை, பேக்கரி, தங்குமிட விடுதி என்பவற்றுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது சபை. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது அங்கே வேலை செய்வோரின் வயதைப் பார்க்கச் சபைக்கு யார் தடை?

அடுத்த வருடப் பாதீடு டிசம்பர் முடிவதற்குள் நிறைவேற வேண்டும். ஆகவே ஒக்டோபர், நவம்பரிலேயே வட்டார உறுப்பினரிடம் பேச வேண்டும். 25 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பெண் உறுப்பினர்கள் இதை முன்மொழிந்தால் எதிர்த்துக் கை உயர்த்த எவரும் தயங்குவர். அதற்கு முன், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். கடந்த மூன்று வருடங்களில் சிறுவர் பாதுகாப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்ற இரண்டு கேள்விகள் போதும். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும்.