பகுத்துண்ணும் மலைக்குடிகள்

சோழவந்தானில் வையைக் கரைமேல் நின்று வடக்கு நோக்குவார்க்கு, வயலும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் கடந்து, சிறுமலைத் தொடர் நீல நிறமாய்த் தோன்றும். ஆற்றுப்பக்கத்தில் வாழும் நாம் நெல்லை விளைத்துக் குதிரில் சேர்த்து ஆண்டு முழுதும் உண்டு பழகியவர்கள். மலைப்பக்கத்திலோ, கிழங்ககழ்ந்தும் தேனெடுத்தும் வேட்டையாடியும், அன்று கிடைத்ததை அன்றே உண்டு, பல தலைமுறை வாழ்ந்தவர் பளியர். சிறுமலை, பழனிமலை, வருஷநாடு, சதுரகிரி ஆகிய இடங்களில் இன்றும் அவர்தம் குடியிருப்புகள் உள. 'நாளைக்கென்று ஒன்றும் வையாதவர்' என்று அவரை இகழ்வாரும் நம்முள் உண்டு. குதிரில்லாத அம்மக்கள் பசியால் அழியாது நிலைத்தது யாங்ஙனம்? உணவைப் பகுத்துண்டமையே அதற்குத் தலையாய காரணம். அவ்வழக்கம் எதனால் தோன்றியது, எதனால் நிலைபெற்றது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பளியரைக் குறித்து எழுதினோர் பலர். டாமன் என்னும் இயேசு சபைக் குரு 1908-ஆம் ஆண்டில் பழனிமலைப் பளியரைப்பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். பின்னர் பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க அறிஞர் 1962 முதல் 1964 வரை அவர்களிடையே தங்கி ஆராய்ந்தார். அவர் கண்ட செய்தி நமக்கு வியப்பளிப்பது. பளியர் எவர்க்கும் ஏவல் செய்ய இசையார். எவரையும் ஏவவும் துணியார். போட்டியை வெறுப்பர், பூசல் நேரின் எதிர்த்து நில்லாது அவ்விடம்விட்டு அகல்வர். ஒவ்வொரு குடும்பமும் தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும். இத்துணைத் தனித்தன்மை உடையோரே வேட்டையில் பெருவிலங்கு கிடைத்தபோது அதன் இறைச்சியைச் சமபங்காகப் பிரித்துக்கொண்டனர். கிழங்கில் தனிமை, இறைச்சியில் பொதுமை. இவ்வேறுபாட்டிலேயே நாம் தேடும் விளக்கம் அடங்கியுள்ளது.

காட்டுவள்ளிக் கிழங்கு முயன்று தோண்டுவார்க்குப் பெரும்பாலும் தவறாது கிடைப்பது. இன்று வேண்டிய அளவு தோண்டினால் எஞ்சியது மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஆதலின் அதனை ஒருவர்க்கொருவர் அளித்துக்கொள்ளும் தேவை குறைவு. காட்டுப்பன்றியோ அத்தகையதன்று. அது பல நாள் அகப்படாது. அகப்பட்ட நாளில் ஒரு குடும்பம் உண்ண மாட்டாத அளவு இறைச்சி குவியும். நம் நாட்டு வெயிலில் அது விரைவில் கெடும். ஐந்து வேட்டுவர் உளராக, ஒவ்வொருவனுக்கும் ஐந்து நாளைக்கொருமுறை வேட்டை வாய்ப்பதாகக் கொள்வோம். தனித்துண்பானாயின் ஒருநாள் மிகையும் நான்குநாள் பட்டினியும் ஆகும். ஐவரும் பகிர்ந்துண்பின் வெறுமையான நாட்கள் பெரிதும் குறையும். அண்டைவீட்டான் வயிறே வேட்டுவனுடைய குதிர் எனலாம். இன்று அங்கே இட்டது பின்னொருநாள் அவனுக்குத் திரும்பி வரும்.

இவ்விளக்கம் நம் மலைகளுக்கு மட்டும் உரியதன்று. தென்னமெரிக்காவிலுள்ள பராகுவே நாட்டு ஆச்சே என்னும் காட்டுமக்களிடையே கப்ளான், ஹில் என்னும் இருவர் செய்த ஆராய்ச்சி 1985-இல் வெளிவந்தது. அங்கும் இறைச்சியும் தேனும் குடும்ப எல்லை கடந்து மிகுதியாகப் பகிரப்பட்டன. செடி கொடிகளினின்று பெற்ற உணவு அத்துணைப் பகிரப்படவில்லை. நம் முன்னோரும் இவ்வழக்கத்தை அறிந்திருந்தனர். கானவன் கொணர்ந்த முள்ளம்பன்றி இறைச்சியைக் கொடிச்சி கிழங்கொடு சேர்த்துச் சிறுகுடியினர்க்குப் பகுத்தளிக்கும் காட்சி நற்றிணையில் வருகின்றது.

'உழையாது உண்பான் ஒருவன் தோன்றின் இவ்வொழுங்கு குலையாதோ?' எனின், அறிஞர் கூறும் விடைகள் சில உள. சுற்றத்தார்க்கு உதவுதல் உயிரியற்கையில் வேரூன்றியது என 1964-இல் ஹாமில்டன் விளக்கினார். சுற்றமல்லாரும் கைம்மாறு நோக்கி உதவுவர் என்றும், பெற்றுக்கொண்டு மறப்பவனை நாளடைவில் கைவிடுவர் என்றும் 1971-இல் டிரிவர்ஸ் எழுதினார். சிறு கூட்டத்தில் ஒவ்வொருவர் செயலையும் யாவரும் அறிவராதலின் இது கைகூடும். வயிறு நிறைந்தவன் பசித்தவனோடு மிச்சத்திற்காகப் போராடுவது இழப்பேயாகலின் விட்டுக்கொடுப்பான் என்பது மற்றொரு கொள்கை. இவற்றுள் ஒன்றே முழுவிடை என்னாது, பலவும் கலந்தே இயங்கும் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பகிர்வதனினும் அரியது, பகிர்ந்தவன் தலைநிமிராதிருத்தல். ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலையில் வாழும் குங் மக்கள், கொழுத்த விலங்கைக் கொன்றவனைப் புகழாது, அவன் கொணர்ந்தது எலும்பும் தோலுமே என எள்ளுவர் என்று ரிச்சர்டு லீ 1969-இல் எழுதினார். செருக்கு முளைக்கும் முன்னரே அதனைக் கிள்ளும் உபாயம் இது. பளியர்க்கும் ஒருவரை மதிப்பில் தாழ்த்துவதே பெருங்குற்றம். அதனை அவர் 'தரக்குறைவு' என்று குறிப்பதைக் கார்ட்னர் எடுத்துக்காட்டுகின்றார். ஆகவே சமபங்கு என்பது வயிற்றை மட்டும் நோக்கியதன்று, மானத்தையும் நோக்கியது.

ஒத்துழைப்பு இன்றியமையாத இடத்தில் அது உயிரையே ஒப்படைக்கும் நம்பிக்கையாகின்றது. தென்னாட்டு மலைகளில் தேனெடுக்கும் குடிகள் சிலரிடத்தில், பாறையினின்று இறங்குவானது கயிற்றைக் காப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானே. தன் தமக்கையோ தங்கையோ கைம்மை எய்துவதை விரும்பாதவன் கயிற்றை விடான் அன்றோ?

இதனால் மலைமக்கள் குற்றமற்ற தேவர் என்று யாம் கூறவில்லை. வேட்டுவக் குடிகள் பலவற்றில் பங்கு தானே வருவதன்று; கேட்டும் வற்புறுத்தியும் பெறப்படுவது. மறைத்துண்பாரும் ஆங்கு உளர். பகிர்தல் அவர்க்கும் முயன்று காக்கவேண்டிய ஒழுக்கமே.

இன்று நிலைமை மாறியுள்ளது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடுக்கப்பட்டது. காட்டில் வாழ்வோர் உரிமைகளை ஏற்கும் சட்டம் 2006-இல் பிறந்தது. பளியர் பலர் தோட்டங்களில் கூலிவேலை செய்கின்றனர். கூலிப்பணம் பன்றியிறைச்சிபோற் கெடுவதன்று. ஒருவர் மடியில் எத்துணை நாளும் கிடக்கும். பகிர்தலுக்கு இயற்கை தந்த தூண்டுகோல் அவ்வளவில் தளர்கின்றது.

அத்தளர்ச்சி நமக்கு நெடுங்காலத்திற்கு முன்னரே நேர்ந்தது. நெல்லும் பொன்னும் கெடாமையால் நாம் அண்டைவீட்டாரை நோக்காது வாழக் கற்றோம். கொடுக்கும்போதும் விளக்கிலும் மணியிலும் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கின்றோம். கொடுப்பவன் உயர, பெறுபவன் தாழ்கின்றான். மலைமக்களுக்கு நாம் கற்பிக்கச் செல்லுங்கால், இதனை மறத்தலாகாது. விடுதியில் உடன் உண்ணும் ஏழை மாணவனுக்கு உதவும் இளைஞர், அவன் தரம் குறையாவண்ணம் உதவுவாராயின், சிறுமலைக்கு அப்பால் செல்லாமலே அம்மலையின் பாடத்தைக் கற்றவராவர்.