வரப்போரத்துக்குப் பல வருஷப் பூச்செடிகள்

காய்கறி வயலைச் சுற்றிச் செண்டுமல்லி போடுங்கள் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்றாங்க. நல்ல யோசனைதான். ஆனால் செண்டுமல்லி மூணு நாலு மாசத்தில் முடிந்துவிடும். மறுபடி விதை, மறுபடி நாற்று, மறுபடி ஆள்கூலி. நடுவில் வரப்பு மொட்டையாகக் கிடக்கும்போது தேனீ இரை தேடி வேறு பக்கம் போய்விடும். அப்புறம் தைப்பட்டத்துப் பூசணி பூக்கும்போது கூப்பிட்டால் வருமா? பூசணி, பீர்க்கை, புடலையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைச் சுமக்க ஆள் இல்லையென்றால் பிஞ்சு பழுத்து உதிரும். அதற்கு எந்தக் கரைசல் தெளித்தும் பயனில்லை.

ஆகவே வரப்புக்கு வரும் செடி ஒருமுறை நட்டால் பல வருஷம் நிற்க வேண்டும், ஆடு கடிக்கக் கூடாது, காசு கொடுத்தும் வாங்கக் கூடாது. முப்பது வருஷம் வங்கியில் கடன் மனு பார்த்த பழக்கம், செடிக்கும் தகுதி பார்க்காமல் விடுவதில்லை. காசு விஷயம் கஞ்சத்தனம் அல்ல. இமிடாகுளோப்ரிட் மாதிரி செடிக்குள் ஊடுருவும் மருந்து கொடுத்து வளர்த்த நாற்றென்றால், அதன் தேனிலும் மகரந்தத்திலும் நஞ்சு இருக்கக்கூடும். தேனீக்குச் சோறு போடுகிறேன் என்று விஷம் வைத்த கதையாகிவிடும்.

வேலியோரத்துக்கு என் முதல் தேர்வு ஆடாதொடை. பேரிலேயே இருக்கு, ஆடு தொடாது. பனிக்காலம் தொடங்கிக் கோடை ஆரம்பம் வரை வெள்ளைப் பூ பூக்கும். அந்தக் கருப்புத் தச்சன் வண்டுகள் விடிந்ததும் வந்துவிடும். தழை பூச்சிவிரட்டிக்கு ஆகும். குச்சி வைத்தாலே வரும்.

குச்சி வைப்பதில் கொஞ்சம் கவனம் வேணும். ஆடி, ஆவணியில் முதல் மழை விழுந்ததும், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் வையுங்கள். ரொம்பப் பச்சையான நுனியும் வேண்டாம், பட்டை வெடித்த அடிக்கட்டையும் வேண்டாம். பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், நாலு கணு இருக்கும்படி வெட்டுங்கள். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்டினால், எது தலை எது கால் என்ற குழப்பம் வராது. வேர் கணுவிலிருந்துதான் கிளம்பும். அதனால் இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, நுனியில் மட்டும் இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி விடுங்கள். மேல்வெட்டில் சாணியை அப்பினால் காயாது.

மேடைப் பாத்தியில் மணல் பாதி, செம்மண் பாதி போதும். இந்தக் கட்டத்தில் தொழுவுரம் வேண்டாம். வேரில்லாத குச்சிக்குச் சாப்பாடு எதற்கு? அழுகல்தான் மிஞ்சும். மரநிழலில் வைத்து, ஈரம் காயாமல், தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் நாள் துளிர் வந்ததும் வேர் விட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். குச்சியில் இருக்கும் சேமிப்பிலேயே துளிர் வந்துவிடும். பிடுங்கிப் பார்க்கவும் வேண்டாம். ஒன்றரை மாசம் பொறுத்து வரப்புக்கு மாற்றலாம்.

டிசம்பர் பூவுக்கும் இதே முறைதான். கனகாம்பரத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. நாட்டுக் கனகாம்பரக் காய் காய்ந்து மழைத்துளி பட்டதும் படபடவென்று வெடித்து விதையை எறியும். தாய்ச்செடி அடியில் நாற்று தானே முளைத்துக் கிடக்கும். டெல்லிக் கனகாம்பரம் மும்மய ரகம் என்பதால் விதை பிடிக்காது. குச்சி ஒன்றே வழி. வரப்புக்கு நாட்டுக் கனகாம்பரம் போதும். நித்தியகல்யாணியும் விதையில் தானே பரவும், ஆடு மாடு தொடாது. ஆனால் இவை இரண்டின் பூக்குழாயும் நீளம். தேனீயின் நாக்கு எட்டாது, வண்ணத்துப்பூச்சிக்குத்தான் ஆகும்.

தேனீக்கென்று பார்த்தால் முழு மதிப்பெண் துளசிக்கு. புழுக்களில் முட்டையிடும் குட்டிக் குளவிகளும் இந்தச் சின்னப் பூவைத் தேடி வரும். முற்றிய கதிரை அவ்வப்போது கிள்ளினால் வருஷம் பூராவும் பூக்கும். கிள்ளிய கதிரை உள்ளங்கையில் தேய்த்து வரப்பில் தூவிவிட்டால் அதுவே விதைப்பு. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் கல்வாழை வையுங்கள். கிழங்கை ஒரு முளையோடு வெட்டி நட்டால் போதும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதரைப் பிரித்துவிட வேண்டும்.

அடுக்குப் பூக்கள் வேண்டாம். அடுக்கில் மகரந்தத் தாள்களே இதழாக மாறிவிடுகின்றன. பார்வைக்கு அழகு, பூச்சிக்குப் பட்டினி. அரளி ஆடு தொடாத செடிதான், ஆனால் பூவில் தேன் இல்லை, செடி முழுக்க நஞ்சு. உண்ணிச்செடி பூக்கும், பூச்சியும் வரும். ஆனால் காட்டையே விழுங்கிய செடியை நாமே கொண்டுவந்து நட வேண்டாம். செம்பருத்தியை வீட்டு முற்றத்தில் வையுங்கள், பப்பாளி, பருத்தி, மரவள்ளிப் பக்கத்தில் வேண்டாம். 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தியும் பிடித்த இடம்தான். 2010இல் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அது அடங்கியது.

பூ ஓய்ந்ததும் ஆடாதொடையையும் டிசம்பர் பூவையும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம். ஒரு பக்க வரப்பை வெட்டி அது துளிர்த்த பிறகு மறுபக்கம். குச்சி மிஞ்சினால் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுங்கள். தேனீக்கு நம் வரப்பு எது, அவர் வரப்பு எது என்று தெரியாது.