உங்களுக்குத் தெரியுமா? வற்றிய சேற்றிலும் மூச்சு விடும் மீன்!

குட்டை வற்றிச் சேறாகிவிட்டாலும் தேளி மீன் சட்டென்று சாகாது. செவுளில் தொடங்கி வால் பக்கம் வரை நீளும் 2 காற்றுப் பைகள்தான் அதற்கு நுரையீரல் மாதிரி.

• தம்மம்பட்டி சுவேத நதி போலக் கோடையில் வறளும் நீர்நிலைகளில், சேற்றைத் துழாவிக் கையாலேயே தேளி, கெளுத்தி போன்ற மீன்களைப் பிடிக்கலாம். வலை வேண்டாம், துணிச்சல் வேண்டும்.

• கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. விரித்துவிட்டால் பூட்டிக்கொண்டு நிற்கும், அமுக்கினாலும் மடங்காது. பழகிய கை, பக்க முள்ளுக்குப் பின்புறமாக விரலைக் கொடுத்துத்தான் தூக்கும்.

• தேளியின் பக்க முள்ளில் விஷமும் உண்டு. பேரிலேயே தேள் இருக்கிறதே! குத்தினால் கடுகடுக்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் கடுப்பு தணியும்; அந்த விஷம் சூடு தாங்காத புரதம்.