கூடிக் கலைந்த பின் எஞ்சுவது

கல்வியையும் தொழில்நுட்பத்தையும் இணைத்துப் பேசும் மாநாடு எதுவாயினும், அது கலைந்த பின்னர் வகுப்பறைக்கு எதை அனுப்பிவைத்தது என்பதைக் கொண்டே அதன் பெறுமதியைக் கணிக்க வேண்டும். இதற்குத் தமிழிற் கிடைக்கும் மிகச் சிறந்த முன்மாதிரி மட்டக்களப்பு மண்ணோடு நெருங்கிய உறவுடையது. அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காரைதீவிற் பிறந்து, விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் துறவு பூண்டு, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கிய சுவாமி விபுலானந்தர், 1936 இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

கலைச்சொல் என்பது ஒரு துறையில் ஒரு கருத்தை ஐயமறக் குறிப்பதற்கென வரையறுக்கப்பட்ட சொல்லாகும். ஒரே மூலகத்தை ஓர் ஆசிரியர் ஒரு பெயராலும் அயலூர் ஆசிரியர் வேறொரு பெயராலும் கற்பித்தால், மாணவனுக்குப் பாடநூலும் பரீட்சை வினாவும் அந்நியமாகிவிடும். இந்த இடர்ப்பாட்டை நீக்குவதற்காகக் கூடியவர்கள், உரைகளைக் கேட்டதோடு அமையாமல், துறைதோறும் குழுக்களாகப் பிரிந்து சொற்பட்டியல்களை ஆராய்ந்தார்கள். அவ்வுழைப்பின் பயன் 1938 இல் நூலாக வெளிவந்தது. மாநாட்டுக்கு வர இயலாத ஆசிரியரும் கையிலெடுத்துப் பயன்படுத்தத்தக்க ஒரு பொருளை அது விட்டுச்சென்றது என்பதே அதன் தனிச்சிறப்பு. இலங்கையில் ‘ஒட்சிசன்’ என்றும் தமிழகத்தில் ‘ஆக்சிஜன்’ என்றும் இன்றும் எழுதப்படுவதைப் பார்க்கும்போது, அப்பணி முற்றுப்பெறவில்லை என்பதும் புலனாகிறது. 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடும் இதே மரபில் வந்ததே. அதன் விளைவாக அமைந்த ‘தமிழ் 99’ விசைப்பலகை, அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வகுத்த ஒழுங்கு, இன்றைய கைபேசிகளிலும் இடம்பெற்றுள்ளது.

இன்றைய மாநாட்டின் அமைப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. முதலில் ஆய்வுச் சுருக்கம் கோரப்படும். எழுதியவர் யாரென்று அறியாத மதிப்பாய்வாளர் அதைப் படித்து ஏற்பதோ மறுப்பதோ உண்டு. ஏற்கப்பட்டவை இணை அமர்வுகளில், அதாவது ஒரே நேரத்தில் வெவ்வேறு அறைகளில் நிகழும் அமர்வுகளில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ கால் மணி நேரம் வாசிக்கப்படும். ஆய்வின் தரத்தைக் காப்பதற்கு இம்முறை துணைபுரிகிறது. ஆயினும் கற்பித்தலைப் பற்றிய மாநாட்டிலேயே கேட்போர் நாள் முழுவதும் வாய்திறவாது அமர்ந்திருக்க நேர்வது வருந்தத்தக்கது. ஒரு மென்பொருளைப் பற்றிப் பத்து உரைகளைக் கேட்பதைக் காட்டிலும், அம்மென்பொருளைக் கொண்டு இரு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தை அங்கேயே உருவாக்கிப் பார்ப்பது பயன்மிக்கது. வளவாளர், அதாவது பயிற்சியை நடத்திச் செல்லும் துறையறிஞர், அப்போது அருகிருந்து திருத்துபவராகிறார்.

மட்டக்களப்பில் இத்தகைய மாநாட்டை வடிவமைப்போர் வாவியையும் கணக்கிற் கொள்ள வேண்டியிருக்கிறது. ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் இவ்வாவி, நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வந்தாறுமூலையும் விபுலானந்தர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் அமைந்துள்ள கல்லடியும் கடலோரப் பெருவீதியை ஒட்டியிருக்க, வயல் சூழ்ந்த படுவான்கரைப் பாடசாலைகள் மறுபுறம் இருக்கின்றன. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அங்கு வாவியைக் கடப்பதற்குப் ‘பாதை’ என்று இப்பகுதி மக்கள் அழைக்கும் மிதவைப் படகே துணையாக இருந்தது. பாலம் வந்த பின்னரும் தொலைவூர்ப் பயணம் நேரம் எடுப்பதால், பயிற்சியமர்வை மாலை வேளைக்கு ஒதுக்கினால், அது மிகுதியும் தேவைப்படும் தொலைவூர் ஆசிரியரே அதனை இழந்து வீடு திரும்ப நேரும். சிறந்த அமர்வைக் காலையில் வைப்பதும், ஓராண்டேனும் மாநாட்டையே படுவான்கரைக்குக் கொண்டுசெல்வதும் நேர்மையான ஏற்பாடுகளாகும். ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வுச் சுருக்கத்தோடு தமிழில் ஒரு பக்க விளக்கத்தையும் கோரினால், கட்டுரையாளரே தம் கருத்துக்குரிய தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டிவரும்.

பங்குபற்றுவோருக்கும் ஆயத்தம் வேண்டும். தம் வகுப்பில் தீராத ஒரு சிக்கலை, உதாரணமாக முப்பது மாணவருக்கு ஐந்து கணினிகளே உள்ள அறையில் செய்முறைப் பாடத்தை எவ்வாறு நடத்துவது என்பதை, எழுதி எடுத்துச்செல்லும் ஆசிரியர், எந்த அமர்வுக்குச் செல்வது என்பதை எளிதில் தெரிந்துகொள்வார். தேநீர் இடைவேளையில் அவர் அவ்வினாவை முன்வைக்கும்போது, அதே இக்கட்டைத் தம் பாடசாலையிற் கடந்த மற்றோர் ஆசிரியர், மாணவரைக் குழுவாக்கிய தம் நேரசூசியை அங்கேயே தாளில் வரைந்து காட்டக்கூடும்.